செய்த திகதி

இந்த நாட்டில் கல்லுக்கும் காலாவதித் திகதி உண்டு. பாலுக்கு உண்டு, மருந்துக்கு உண்டு, அது ஊரிலும் உண்டு. ஆனால் கிறைண்டரில் பூட்டி இரும்பைத் தேய்க்கிற, வெட்டுகிற டிஸ்குக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது என்று ஜேர்மனிக்கு வந்துதான் அறிந்தேன். டிஸ்கின் நடுவில் மோதிரம் அளவில் ஒரு தகர வளையம் இருக்கும். அதில் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய அளவு சிறிதாக ஒரு ‘வீ’ எழுத்தும், பக்கத்தில் ஒரு மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அந்த மாதம் கடந்துவிட்டால் டிஸ்க் பெட்டி பிரிக்காமல் கிடந்தாலும் பூட்டக்கூடாது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எங்கள் மேற்பார்வையாளர், போமன் வெர்னர், இரும்பு அலுமாரியைத் திறந்து, வளையங்களை ஒவ்வொன்றாக வாசித்து, நாள் முடிந்தவற்றைப் பச்சை வாளிக்குள் போடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லுக்கு என்ன சாவு என்று நினைத்தேன்.

நான் ஒரு ‘ஷ்லைஃபர்’, தேய்த்து மெருகேற்றுகிறவன். ஊரில் யாராவது கேட்டால் மெஷின் ஒப்பரேற்றர் என்று சொல்வேன். அது பொய்யில்லை, ஆனால் கேட்கிறவர்கள் மனதில் வருகிற வெள்ளைச் சட்டையும் பொத்தான்கள் நிறைந்த மேசையும் என்னிடம் இல்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் ஒரு சிறிய ஊரில், பாண் பேக்கரிகளுக்கு மா குழைக்கும் பெரிய உருக்குக் கிண்ணங்களைச் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஒட்டின இடத்தில் புடைத்து நிற்கும் தழும்பை முதலில் கிறைண்டரால் எடுப்பேன். பிறகு கிண்ணத்தை மெஷினில் ஏற்றி, முரட்டுப் பட்டியில் ஒரு தரம், மெல்லிய பட்டியில் ஒரு தரம், கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகு. முடிந்ததா என்று கண்ணை நம்பக்கூடாது, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். இதெல்லாம் வட்ஸ்அப் படத்தில் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் அந்தப் பச்சை வாளி என் பொறுப்புக்கு வந்தது. திகதி முடிந்த டிஸ்குகளை மேசை விளிம்பில் வைத்து உடைத்து, துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் கொட்ட வேண்டும். உடைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும், முழுசாக எறியக்கூடாது என்று வெர்னர் இரண்டு தரம் சொன்னார். பிற்பகல் அந்தப் பக்கம் வரும்போது, “அல்லெஸ் கபுட்?” என்று கேட்பார். எல்லாம் உடைச்சாச்சோ என்று அர்த்தம். “யா, அல்லெஸ் கபுட்” என்று நானும் சொல்வேன். ஆரம்பத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வாளிக்குள் இரண்டு பெட்டிகள், பிரிக்காத பெட்டிகள், கிடந்தன. மொத்தம் இருபத்திரண்டு டிஸ்க். திகதி முடிந்து ஐந்து நாள்தான். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரம் கூர்மையாக, மேலே ஒட்டின படம் இன்னும் பளிச்சென்று, கடையில் வாங்கினது மாதிரி இருந்தது. அதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. எங்கள் சனம் எரிந்த பலகைகளிலிருந்து ஆணி பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அதே ஆணியால் திரும்ப வீடு கட்டின சனம். அந்த ஆணிகளை நிமிர்த்தினது நானில்லை, என்றாலும் அந்தப் புத்தி எனக்குள்ளும் இருக்கிறது. இரண்டு பெட்டியையும் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். பழைய டிஸ்குகள் நாலைந்தை ஓசையாக உடைத்துப் போட்டேன். வெர்னர் வந்தார். “அல்லெஸ் கபுட்?” என்றார். “யா” என்றேன்.

எங்கள் ஊர் விசுவமடுவில் யோகன் அத்தானைத் தெரியாதவர்கள் குறைவு. என் ஒரே அக்கா வதனியின் கணவர். ‘கேற் யோகன்’ என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம், ஒரு தறப்பாளின் கீழே, இரவல் வெல்டிங் பிளாண்டோடு தொடங்கிய மனிதர். உடைந்த கட்டடங்களின் கம்பிகளை நிமிர்த்தி முதல் வாசல் கேற்றைச் செய்தார். இப்போது தகரக் கொட்டில், சொந்த மெஷின், புளியங்குளத்திலிருந்தும் ஓடர் வருகிறது. கேற், யன்னல் கிறில், தண்ணித் தாங்கிக்கு ஸ்டாண்ட் என்று அந்தப் பக்கத்தில் திரும்பக் கட்டின வீடுகளில் பாதிக்கு மேல் அவருடைய கை பட்டிருக்கும்.

கடைசிச் சண்டைக்கு ஒரு வருடம் முன்பே நான் வெளியேறிவிட்டேன். அக்காவும் அத்தானும் ஊர் ஊராக இழுபட்டு, கடற்கரை வரைக்கும் போய், பங்கருக்குள் இருந்து, உயிரோடு வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாருடைய உடம்பிலும் ஏதோ ஒரு செல் குண்டுத் துண்டு இருக்கிறது, அக்காவின் தோளில் இன்னும் ஒன்று எடுக்காமல் கிடக்கிறது. அத்தானில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. யார் வந்தாலும் சொல்லுவா: “அத்தினை செல்லுக்குள்ளயும் இந்த மனுசனில ஒரு தூசி படேல்லை.” அத்தான் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் ஊருக்குப் பெட்டி அனுப்புவோம். சொக்லேற், சவர்க்காரம், துவாய், பிள்ளைகளின் சப்பாத்து என்று வருடம் முழுவதும் சேர்த்து, கப்பலில் போகும் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவது எங்கள் பெரிய சந்தோசம். அந்த முறை பெட்டியின் அடியில் இருபத்திரண்டு டிஸ்கையும் வைத்து, அதற்கு மேலே பால்மாத் தகர ரின்களை அடுக்கினேன். டிஸ்கை நிமிர்த்தி வைக்க வேண்டும், பாரம் ஏற்றக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று தொழிற்சாலைச் சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் பாண் தின்கிறேன்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டும். கொட்டிலில் நின்று, வேலைக்கு வந்திருந்த இரண்டு பேருக்கு டிஸ்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். “இதுதான் சாமான். மச்சான்காரன் ஜேர்மன் கொம்பனியில இருந்து அனுப்பியிருக்கிறான்” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வளையத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“தம்பி, இதில ஒரு வீ போட்டு மாசமும் வருசமும் கிடக்கு. அது என்னது?”

“அது செய்த திகதி, அத்தான்.”

“ஓகோ. அப்ப பெரிசாப் பழசில்லை.”

“ஓம் ஓம். நல்ல சாமான்.”

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் தெரியாமல் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘வீ’ என்றால் ‘ஃபெர்ஃபால்’, முடிகிற நாள். அந்தச் சொல்லை வெர்னர் என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு பேருக்கு முன்னால், ஜேர்மன் கொம்பனிச் சாமான் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம், அது குப்பை வாளியிலிருந்து எடுத்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் அளவு எவ்வளவு என்று இப்போது தெரிகிறது. ஒரு கண் அளவு.

ஊரில் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி இடைவேளையில் அக்கா போன் எடுத்தா. வேலை நேரத்தில் அக்கா எடுப்பதில்லை.

“தம்பி, அத்தானுக்குக் கண்ணில அடிச்சுப்போட்டுது.”

“என்ன அடிச்சது?”

“கிறைண்டர் டிஸ்க் வெடிச்சுப் பறந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், அங்கயிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏத்தியிருக்கினம். இடக்கண் தப்பாது எண்டுறாங்கள்.”

எந்த டிஸ்க் என்று நான் கேட்காமலே அக்கா சொன்னா. “நீ அனுப்பினதுதான் பூட்டியிருந்தது. நல்ல காலம் தம்பி. இங்கத்தையான் எண்டால் தலையே போயிருக்கும், ஜேர்மன் சாமான் எண்டபடியால் கண்ணோட போச்சுது எண்டு பக்கத்துக் கடைக்காரர் சொல்லினம்.”

நான் ஓம், ஓம் என்றேன். எங்கள் ஊர் ஓமுக்குப் பல அர்த்தம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தம், சரி என்றும் அர்த்தம், இனிப் பேசாதே என்றும் அர்த்தம். அன்று நான் சொன்னது எது என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் கண்ணை எடுத்தார்கள். அதற்குப் பிறகு பேசினவர்கள் எல்லாரும் அத்தானில்தான் பிழை சொன்னார்கள். மூலைக்குள் விட்டு வெட்ட வேண்டும் என்று கிறைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றியிருக்கிறார். கண்ணாடியும் போடவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் வேலை செய்வார்கள். டிஸ்க் பழசானதால் வெடித்ததா, பால்மா ரின்களின் பாரம் அமுக்கி முன்பே கீறல் விட்டிருந்ததா, தகரக் கொட்டிலின் ஈரமா, அத்தான் சரித்துப் பிடித்தாரா, எதுவும் எவருக்கும் தெரியாது. இதில் எனக்கு ஒளிய இடம் தாராளமாக இருந்தது. நானும் சில மாதங்கள் அதற்குள் ஒளிந்து பார்த்தேன். ஆனால் திகதியைக் கேட்டாரே, கேட்டபோது சொல்லியிருந்தால் பூட்டியிருக்க மாட்டாரே என்கிற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் பிடிபட்டேன்.

வெர்னரிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் தீர்மானித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. என் ஜேர்மன் பாஷை வேலைக்குப் போதும், பாவமன்னிப்புக்குப் போதாது. அக்காவின் கணவர், டிஸ்க், கண் போய்விட்டது என்று கையால் காட்டினேன். அவர் முகம் வாடிப்போனது. காப்புத் தகடு இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடி? இல்லை. பெருமூச்சு விட்டு, “ஸெல்பர் ஷுல்ட்” என்றார். ‘ஷுல்ட்’ என்றால் குற்றம், ‘ஸெல்பர்’ என்றால் தானே. உன்னுடைய குற்றம்தான் என்று என்னைச் சொல்கிறார் என்றே விளங்கிக்கொண்டேன். வாளியில் குறைந்த இருபத்திரண்டையும் அவர் முதலிலேயே எண்ணிவைத்திருக்கிறார் போலும் என்று பயந்தேன். அதே நேரம் ஒரு ஆறுதலும் வந்தது, அதை மறைக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, “யா. இஹ். இஹ் ஷுல்ட்” என்றேன். நான், நான் குற்றம் என்று. வெர்னர் என் தோளைப் பிடித்துத் தலையை ஆட்டினார். இல்லை இல்லை, நீ நல்ல மனிதன், நீ ஏன் அதைச் சுமக்கிறாய் என்று நீளமாகச் சொன்னார். அந்த ஆள் தானே தேடிக்கொண்டது என்று அத்தானைத்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் விளங்கியது. அடுத்த நாள் என் மேசையில் ஒரு துண்டுக் கேக் வைத்திருந்தார்.

அந்த வருடம் எங்கள் தொழிற்சாலை வைத்தியர் எல்லாருக்கும் கண் பரிசோதனை செய்தார். இரண்டு கண்ணும் அருமை என்று எனக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கடதாசியை யாருக்கும் காட்டவில்லை.

ஓகஸ்ட் லீவில் ஊருக்குப் போனேன், சொல்வதற்காகவே போனேன். முதல் நாலு நாள் சொல்லவில்லை. அக்கா எனக்கென்று கணவாய் வாங்கிக் கறி வைத்தா. எனக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறா என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தான் பழையபடி வேலைக்கு இறங்கியிருந்தார். ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. வெல்டிங் குச்சியைக் கம்பிக்குக் கொண்டுபோனால் ஒரு விரற்கடை தள்ளிப் போய் நிற்கும். அதனால் முதலில் இடக்கையால் கம்பியைத் தடவி, விரலை அடையாளம் வைத்து, பிறகு குச்சியைக் கொண்டுவருவார். விரல் முழுக்கச் சுட்ட காயம். நான் விரலால் தடவுவது மெருகைப் பார்க்க, அவர் தடவுவது வழியைப் பார்க்க. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே போய் வீதியில் நிற்பேன்.

ஐந்தாம் நாள் காலையில் கொட்டிலில் இருந்தபோது, ஆணியில் தொங்கின ஒரு பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலு டிஸ்க்.

“உன்ரதில மிச்சம். நல்ல வேலைக்கெண்டு ஒதுக்கி வைச்சனான். முல்லைத்தீவில மாதா கோயிலுக்கு ஒரு கேற் ஓடர் வந்திருக்கு, நாளைக்கு வெட்டுவம்” என்றார்.

“அத்தான், அதைப் பூட்டாதேங்கோ.”

“ஏன்?”

“அந்த வீ செய்த திகதி இல்லை. முடியிற திகதி. அது எறியச் சொல்லித் தந்தது. நான் எறியாமல் அனுப்பினனான்.”

அவர் ஒரு டிஸ்கை எடுத்து வலப்பக்கக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வளையத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நான் கேக்கேக்கை உனக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொன்னனியோ?”

“ஓம் அத்தான்.”

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவர் நாலு டிஸ்கையும் ஒவ்வொன்றாகப் பட்டடை விளிம்பில் வைத்து உடைத்தார். இரண்டாவது குறி தப்பிக் கையில் பட்டது. நான் வாங்கப் போனேன், விடவில்லை. பிறகு துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, “நானும் காப்புத் தகட்டைக் கழட்டினனான்தானே” என்றார். அது மன்னிப்பா, கணக்குத் தீர்ப்பா என்று எனக்குத் தெரியாது. அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை. என்ர கண் போனதைத் தாங்கினவள், இதைத் தாங்கமாட்டாள்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை, பாதியை அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்ததுதான் மிச்சம். அடுத்த நாள் கோயில் கேற்றுக்குக் கம்பி வெட்டும்போது மறுமுனையைப் பிடிக்க நான் போய் நின்றேன். அத்தான் என்னைப் பார்க்காமல், “நீ லீவில வந்தனி, போய் இரு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். சாப்பிடும்போது கதைத்தார், சிரித்தார், கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். வேலையில் மட்டும் என்னைத் தொடவிடவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக இரும்பில் வேலை செய்கிறவன், அந்தக் கொட்டிலில் ஒரு கம்பி முனையைப் பிடிக்கத் தகுதியில்லாமல் வாசலில் இருந்தேன். அவருடைய நியாயம் எனக்கு விளங்கியது. என்றாலும் வலித்தது.

திரும்பும் நாள் வான் வண்டியில் ஏறப் போகும்போது அக்கா ஓடி வந்தா. “தம்பி, அடுத்த பெட்டிக்குள்ள அந்த டிஸ்கும் போட்டுவிடு என்ன. இங்கத்தையான் ரெண்டு வெட்டுக்குத் தேயுது எண்டு இந்த மனுசன் புறுபுறுக்குது, உன்னட்டைக் கேக்க வெக்கப்படுது” என்றா. அத்தான் வானின் பின்கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். நான் “ஓம் அக்கா” என்றேன்.

வந்த கிழமையே கடைக்குப் போய், அடுக்கியிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி, வளையத்தில் மிகத் தூரத்துத் திகதி உள்ள டிஸ்குகளாகப் பொறுக்கினேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தா. வீட்டில் நிமிர்த்தி வைத்து, பிளாஸ்ரிக்கால் சுற்றி, மேலே எதையும் வைக்காமல் தனிப் பெட்டியாக அடைத்தேன். கப்பலுக்குப் பெட்டி ஏற்றும் தமிழ்க் கடையில் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது அங்கிருந்த பொடியன் நிறுத்தினான்.

“அண்ணை, புதுசு எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். கொழும்புச் சுங்கத்தில மறிச்சு வைச்சிடுவாங்கள். பாவிச்ச சாமான் எண்டு எழுதுங்கோ, எல்லாரும் அப்பிடித்தான்.”

“இல்லைத் தம்பி, புதுசுதான்.”

“புதுசு எண்டு எனக்கும் தெரியும் அண்ணை. எழுதத்தான் வேண்டாம் எண்டுறன்.”

பேனையைத் திருப்பித் தந்தான். நான் வாங்கவில்லை. குப்பையைப் புதுசு என்று அனுப்பின கை, புதுசைப் பழசு என்று எழுத மறுத்தது. வீறாப்பு என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

அவன் சொன்னதே நடந்தது. பெட்டி கொழும்புக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ஏதோ கடிதம் வேண்டுமாம், நானும் அனுப்பினேன், இன்னொரு கடிதம் வேண்டுமாம். இந்த நாட்டை விட்டுப் போய்விட்டது, அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. எங்கோ ஒரு களஞ்சியத்தில் கடற்காற்றுக்குள் கிடக்கிறது. நானும் திங்கட்கிழமைகளில் வாளியைக் காலி செய்துகொண்டிருக்கிறேன், ஒன்று விடாமல் உடைக்கிறேன்.

போன ஞாயிறு பகல் அக்கா எடுத்துக் கதைத்துவிட்டு, போனை அத்தானிடம் கொடுத்தா. பெட்டி இன்னும் வரவில்லை என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“கிடக்கட்டும் தம்பி, அவசரமில்லை” என்றார். பிறகு, “திகதி எப்ப வரைக்கும் கிடக்கு?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, அத்தான்.”

“மெய்தானே?”

“மெய்.”

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. “என்ன திகதி கதைக்கிறியள் ரெண்டு பேரும்?”

“பெட்டி வாற திகதி” என்றார் அத்தான்.